ஒரு 'ள்' இல்லாத குறை!

(தலைப்பு: மருத்துவ உதவி மக்களைச் சென்றடையத் தடையாக இருப்பது மக்களின் அலட்சியமா? அலுவலக நடைமுறையா? 'அலுவலக நடைமுறையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே! பழியை எல்லாம் மக்கள் தலையிலே இறக்கி வெச்சுட்டு, நிம்மதியாத் தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அடுப்பைச் 'சிம்'மிலே வெச்சுட்டு வந்து கேட்டுக்கிட்டிருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "சினிமா டிக்கெட்டுக்கு வரிசையிலே நிக்கிறான், காப்பீட்டு அட்டைக்கு நிக்க மாட்டேங்கிறான்"னு சொன்னார். ஐயா, சினிமாக் கொட்டகையிலே காசை நீட்டினா டிக்கெட் வரும். "உங்க தாத்தா பேரு என்ன, வருமானச் சான்று எங்கே"ன்னு எவனாவது கேக்கறானா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, திட்டத்தை நான் குறை சொல்ல வரலை. 2009-லேயே தமிழ்நாட்டிலே ஏழைகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு வந்தாச்சு. 2012 ஜனவரியிலே அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாச்சு. 2018-லே மத்திய அரசுத் திட்டத்தோடவும் இணைச்சாங்க. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரைக்கும் சிகிச்சை. நாம பிரீமியம் கட்ட வேண்டாம். நல்ல திட்டம். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா, கோயில் பெருசா இருந்து என்ன? வாசப்படி ஆள் உயரத்துக்கு இருந்தா, கால் நடக்க முடியாத கிழவி எப்படி ஏறுவா? அதுதான் என் கட்சி!

என் வீட்டுக் கதையையே சொல்றேன். அம்மாவுக்கு இதயத்திலே வால்வு கெட்டுப் போச்சு. ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. எங்ககிட்டே காப்பீட்டு அட்டை இல்லே. "பாத்தீங்களா, அலட்சியம்!"னு எதிரணி எழுதிக்கறாங்க. எழுதிக்குங்க. முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க. (சிரிப்பு)

அண்ணன் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கிட்டு ஓடினார். அங்கே இருந்தவர் ரெண்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடி பார்த்தார். "தம்பி, ரேஷன் கார்டிலே பேரு 'அம்மாள்'னு முடியுது. ஆதார்லே 'அம்மா'ன்னு முடியுது. இவங்க ரெண்டு பேரும் யாரு?"ன்னார். (சிரிப்பு) அண்ணன் சொன்னார்: "சார், ரெண்டு பேருமே எங்கம்மாதான் சார்!" (பலத்த கைதட்டல்)

சிரிக்கிறோம். ஆனா அன்னிக்கு எங்க வீட்டிலே யாரும் சிரிக்கலை. அந்த ஒரு 'ள்'ளுக்காக ஓர் அலுவலகம். வருமானச் சான்றுக்கு இன்னொரு அலுவலகம். கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனா, "ஜமாபந்திக்குப் போயிருக்கார், நாளைக்கு வாங்க". நாளைக்குப் போனா சர்வர் வேலை செய்யலை. இப்படியே நாலு நாள்!

அந்த நாலு நாளும் அம்மா படுக்கையிலே இருந்துக்கிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "பெரியவன் எங்கே? அவன் ஏன் என்னைப் பாக்க வரலை?" பெரியவன் எங்கே இருந்தான்? அவளுக்காக வரிசையிலே நின்னுக்கிட்டிருந்தான். பக்கத்திலே உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்க வேண்டிய பிள்ளை, கையிலே ஜெராக்ஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அஞ்சாம் நாள் அனுமதி வந்தது. ஆபரேஷன் நடந்தது. அம்மா பிழைச்சுட்டாங்க. (கைதட்டல்) ஆனா நடுவர் அவர்களே, அந்த நாலு நாளிலே ஏதாவது ஆகியிருந்தா, தன்னைப் பாக்க மகன் வரவே இல்லைங்கிற நினைப்போட அந்தத் தாய் போயிருப்பாளே! அந்தப் பழியை எந்த ஃபைல்லே எழுதறது?

ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். ரேஷன் கார்டு கொடுத்தது அரசாங்கம். ஆதார் கொடுத்ததும் அரசாங்கம். தான் கொடுத்த ரெண்டு காகிதம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலைன்னா, அதைச் சேர்த்து வைக்க வேண்டியது யாரு? மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கிற நோயாளியா?

இந்தத் திட்டத்துக்கு வருமான வரம்பு வருஷத்துக்கு 72 ஆயிரம்னு இருந்தது. அதாவது மாசம் ஆறாயிரம். ஏழாயிரம் சம்பாதிச்சா அவன் பணக்காரன்! (சிரிப்பு) 2022-லே அதை 1 லட்சத்து 20 ஆயிரமா உயர்த்தினாங்க. உடனே புதுசாப் பல குடும்பங்களுக்குத் தகுதி வந்தது. அவங்க எல்லாம் ஒரே ராத்திரியிலே அலட்சியத்தை விட்டுட்டாங்களா? இல்லே. விதி மாறிச்சு!

"தனியார் காப்பீடு எடுக்க வேண்டியதுதானே"ம்பாங்க. அங்கேயும் இதே கதைதான். டாக்டர் காலையிலே "வீட்டுக்குப் போகலாம்"பார். கம்பெனியிலேருந்து அனுமதி வர ராத்திரி ஆயிடும். பெட்டியைக் கட்டி வெச்சுட்டுக் கட்டில் மேலேயே உட்கார்ந்திருப்போம். 2024-லே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே உத்தரவு போட்டது. கேஷ்லெஸ் சிகிச்சைக்குக் கேட்டா ஒரு மணி நேரத்திலே முடிவு சொல்லணும். வீட்டுக்கு அனுப்பும்போது மூணு மணி நேரத்துக்குள்ளே இறுதி அனுமதி தரணும். அலட்சியம் நம்முடையதா இருந்தா, உத்தரவை நமக்கில்லே போட்டிருக்கணும்? கம்பெனிக்கு ஏன் போட்டாங்க? (பலத்த கைதட்டல்)

எதிரணிக்காக ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கறேன். தாய்மார்களே, இன்னிக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டையும் ஆதாரையும் பக்கத்துலே பக்கத்துலே வெச்சுப் பாருங்க. பேரு, இனிஷியல், பொறந்த தேதி எல்லாம் ஒத்துப் போகுதா? இல்லேன்னா உடம்பு நல்லா இருக்கும்போதே போய்த் திருத்திடுங்க. தகுதி இருந்தா காப்பீட்டு அட்டையும் இப்பவே எடுத்திடுங்க. எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையிலே போட்டு, அது எங்கே இருக்குன்னு பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

ஆனா நடுவர் அவர்களே, மக்கள் இவ்வளவு முன்ஜாக்கிரதையா இருந்தாத்தான் ஓர் உதவி கிடைக்கும்னா, தடையா நிக்கிறது மக்களா, நடைமுறையா? ஒரு எழுத்து குறைஞ்சதுக்காக ஓர் உயிரைக் காக்க வைக்கிற நடைமுறைதான் தடை! (கைதட்டல்)