இதுவும் தொழிலாளரின் பிரச்சினைதான்
(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் சத்தமாகப் பேசுகிறோம். இருமினால் சலம் கசிகிறது, அடி இறங்கிவிட்டது என்ற பேச்சை மட்டும் கிணற்றடியில் காதோடு காதாக முடித்துவிடுகிறோம். இன்று அதைச் சபையில் பேசுவோம்.

இடுப்பின் அடியில், முன்னெலும்பிலிருந்து வால் எலும்பு வரை, பிள்ளையைப் போடும் ஏணை போலச் சில தசைகள் இருக்கின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்பது அவற்றின் பெயர். சலப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் தாங்குவது அவைதான். பிள்ளைப்பேற்றில் இந்த ஏணை இழுபடும், சிலருக்குக் கிழியும். அது தேறுமுன் தேங்காய்ச் சாக்கும் விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் தூக்கினால் மேலும் தளரும். நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் அதைக் கூட்டும். மாதவிடாய் நின்றபின் தசை இன்னும் மெலியும். அப்போதுதான் சலம் கசிகிறது, கர்ப்பப்பை இறங்குகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கெகல் 1948இல் எழுதி வெளியிட்ட பயிற்சிக்குக் காசு வேண்டாம். சலத்தை அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதேயளவு நேரம் தளர விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். கர்ப்பப்பை இறங்கியவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையமும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சையும் உண்டு. இரத்தம் பட்டாலோ சலம் போகாமல் அடைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சுகவனிதையர் கிளினிக் நாளைக் கேளுங்கள். படுவான்கரைச் சகோதரிகள் முன்பு மண்முனைத் துறையில் படகுக்குக் காத்து நின்றார்கள். 2014இலிருந்து அங்கே பாலம் இருக்கிறது. தூரம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

தோழர்களே, 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 6 கிழமைதான் லீவு. இன்று எத்தனையாவது பிள்ளைக்கும் 12 கிழமை. அதில் ஒரு நாளையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றவள் வேலைக்குத் திரும்பினால் பாரம் குறைந்த வேலை கேட்பது சங்கத்தின் கடமை. வீட்டில் குடத்தைத் தூக்குவது ஆண்களான உங்கள் கடமை.