மூன்று உவாற்று போதும்

சைக்கிளின் சில்லில் உராய்ந்து சுழலும் சிறு டைனமோ ஒன்று தரக்கூடிய மின்வலு, 6 வோல்ற்றில் 3 உவாற்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் என் வயதை ஒத்தவர்களுக்கு இந்தக் கணக்கை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அந்த ஆண்டுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். சுழற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். ஆயினும் முற்றத்தில் அமர்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரு சொல் தவறாமற் கேட்டனர். அந்த 3 உவாற்றிலும் ஒலியாக வெளிவந்தது மிகச் சிறிய பங்கேயாகும்.

நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வீட்டில் இருந்தபடி இசை கேட்கும் ஒரு பழைய முறையைப் பற்றியது. மூன்று அல்லது நான்கு உவாற்று மட்டுமே தருகின்ற வால்வுக் கருவி ஒன்றைக் குழாய் வடிவான ஒலிபெருக்கியோடு இணைத்துக் கேட்கும் முறை அது. பாடநூல்கள் விரியலாக்கி என்றும் பட்டறைக்காரர் அம்பிளிபயர் என்றும் அழைப்பது அந்தக் கருவியைத்தான். கலைப் பட்டதாரிக்கு இதில் என்ன அலுவல் என்று எங்கள் பாடசாலையின் பௌதிகவியல் ஆசிரியர் என்னைக் கேட்பதுண்டு. காது எனக்கும் இருக்கின்றது என்பதே நான் அவருக்குக் கூறும் விடை.

வால்வின் தொழிலைத் தோட்டக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். கிணற்றிலிருந்து வாய்க்காலில் விரைந்து வரும் நீரை ஒரு சிறுவன் கைப்பிடி மண்ணால் அடைக்கவும் திறக்கவும் வல்லவன். நீரின் விசை அவனுடையதன்று. அதனை ஆளும் வகை மட்டுமே அவனுடையது. கண்ணாடிக் குமிழினுள்ளே சூடேறிய இழையிலிருந்து தகட்டை நோக்கி இலத்திரன்கள் பாய்கின்றன. இடையிலே நிற்கும் கம்பிவலை அந்தச் சிறுவனின் தொழிலைச் செய்கின்றது. இந்த வலையை 1906ஆம் ஆண்டில் இடையிலே புகுத்தியவர் அமெரிக்கராகிய லீ டி பொறெஸ்ற். அன்று தொடங்கியதே நாம் அறிந்த வானொலி யுகம்.

வால்வைப் புகழ்வோர் சிலர் அதனை ஒரு தெய்வீகப் பொருளாகவே ஆக்கிவிடுகின்றனர். அத்தகைய மாயம் எதுவும் அதில் இல்லை என்பதே என் எண்ணம். மேலும், அது பெரிய ஊதாரி. 2ஏ3 என்னும் புகழ்பெற்ற வால்வை எடுத்துக்கொள்வோம். இழையைச் சூடாக்க ஏறக்குறைய 6 உவாற்று. தகட்டில் 250 வோல்ற்றும் 60 மில்லி அம்பியரும், அதாவது 15 உவாற்று. இவ்வளவையும் உண்டு அது திருப்பித் தருவது மூன்றரை உவாற்று. மார்கழிக் குளிரிலே கை காய்வதற்கு உதவும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அவ்வாறாயின் அதன் சிறப்பு யாது? மென்மையாக ஒலிக்கும்போது அது செவ்வையாக ஒலிக்கின்றது; அளவு மீறும்போதும் திடீரென உடைவதில்லை, மெல்ல மெல்லவே வழுவுகின்றது. அந்த வழுவிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இத்தகைய ஒற்றை வால்வு தானாகச் சேர்க்கும் ஒலியிற் பெரும்பங்கு மூல சுரத்தின் இருமடங்கு மீடிறன் உடையது. சங்கீதம் அறிந்தவர்க்கு அது மேல்ஸ்தாயியில் ஒலிக்கும் அதே சுரம். ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம் பகையாகாதன்றோ? ஆயினும் அது பாடகர் பாடாத ஒலி என்பதை மறத்தலாகாது. செவிக்கு இனியதென்பதால் வழு வழுவல்லாமற் போய்விடாது.

இனிக் குழாய்க்கு வருவோம். ஒரு பெருங்கல்லை எறியக்கூடிய வலிய கை, சிறு பஞ்சுத் துணுக்கை எறிய முயன்றால் என்ன நேரும்? பஞ்சு காலடியிலேயே விழும். கையின் வலு கையை வீசுவதிலேயே தீர்ந்துவிடும். ஒலிபெருக்கியின் நிலையும் அதுவே. அதன் கூம்பு கனமானது. காற்றோ பஞ்சினும் மெல்லியது. ஆதலின் இன்று பெரும்பாலான வீடுகளிலுள்ள பெட்டி ஒலிபெருக்கிகளில், உட்செல்லும் மின்வலுவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஒலியாவதில்லை, எஞ்சியதெல்லாம் வெப்பமாகின்றது.

இந்தப் பொருத்தமின்மையை நீக்கும் வழியை நம்முடைய நாதஸ்வரக்காரர் நெடுங்காலமாகக் கையில் ஏந்தி வந்துள்ளனர். சீவாளியின் அசைவு எவ்வளவு சிறியது! அதனை மட்டும் வாயில் வைத்து ஊதினால் கீச்சென்ற ஓசையே எழும். படிப்படியாக அகன்று அணசிலே விரியும் நெடுங்குழலோடு சேர்ந்தபோதோ, அது கோயில் வீதியைக் கடந்து வயல்வெளிக்கும் கேட்கின்றது. சங்கும் கொம்பும் எக்காளமும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. சிறு துவாரத்திலுள்ள நெருக்கமான காற்றின் அசைவை வாயிலிலுள்ள பரந்த காற்றுக்குச் சிறிது சிறிதாகக் கைமாற்றுவதே குழாயின் தொழில். மின்சாரமே வேண்டாத பழைய கிராமபோன் பெட்டியும் இதனாலேயே ஒரு மண்டபத்தை நிறைத்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துணர்தல் வேண்டும். சைக்கிள் டைனமோக் காலத்தில் ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் வைத்து ஓசையைக் கூட்டியவர் பலர், நாங்களும் செய்தோம். பானை, தனக்கு உவந்த ஒரு சுரத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும். மற்றவற்றை அவ்வாறு செய்யாது. செவ்வையாக விரியும் குழாயோ, தன் எல்லைக்குட்பட்ட எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒப்ப நடத்தும்.

கணக்கைப் பார்ப்போம். ஓர் உவாற்றை உட்செலுத்தி ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால், சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி 88 தெசிபெல் அளவில் ஒலிக்கும். பெரிய குழாய் ஒலிபெருக்கி 104 தெசிபெல் வரை ஒலிக்கும். இடையிலுள்ள 16 தெசிபெல் என்பது வலுவில் நாற்பது மடங்கு. குழாய் 3 உவாற்றிற் செய்வதைப் பெட்டி செய்வதற்கு 120 உவாற்று வேண்டும். வீட்டில் நாம் அமைதியாகக் கேட்கும் அளவுக்கோ, அந்தக் குழாய்க்கு ஓர் உவாற்றின் நூற்றிலொரு பங்கும் மிகையே.

இவ்வளவு சிக்கனமான பொருள் வீடுகளிலிருந்து ஏன் மறைந்தது? கொழும்பிலே 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிபரப்புத் தொடங்கிய நாள்களில், வால்வுகள் ஓர் உவாற்றுக்கும் குறைவாகவே தந்தன. ஆகவே குழாயின்றிக் கேட்க இயலவில்லை. அதே 1925ஆம் ஆண்டில் றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கர் இருவர் இன்றைய கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை வெளியிட்டனர். 1930களில் பேசும் படங்களைக் காட்டிய அரங்குகள் மட்டும் குழாயைக் கைவிடவில்லை. வெஸ்ரேண் இலெக்ற்றிக் நிறுவனத்தின் 300ஏ வால்வு ஒன்று தந்த 8 உவாற்றைக் கொண்டே சிறிய படமாளிகைகள் படம் ஓட்டின. 1946இல் போல் கிளிப்ஸ் என்பவர் நிறுவனம் தொடங்கி, அறையின் மூலைச் சுவர்களையே குழாயின் நீட்சியாகக் கொள்ளும் ஒலிபெருக்கியை வீட்டுக்காக விற்றார். 1947இல் திரான்சிஸ்ற்றர் பிறந்தது. 1954இல் எட்கார் வில்ச்சர் சிறு பெட்டியிலிருந்தும் ஆழ்ந்த நாதம் எழச் செய்தார். அதற்கு விலையாகக் கூடிய வலு தேவைப்பட்டது. வலுவோ நாளுக்கு நாள் மலிந்து வந்தது. மலிந்த பொருளை எவர் எண்ணிச் செலவிடுவர்?

வேறொரு காரணமும் உண்டு, அது இடம். குழாய் ஒரு சுரத்தை நன்கு வெளியிட வேண்டுமாயின், அதன் வாயின் சுற்றளவு அந்தச் சுரத்தின் அலைநீளத்துக்கு நிகராக இருத்தல் நலம். செக்கனுக்கு 300 அலைவுகள் கொண்ட சுரத்துக்கு ஓரடிக்குச் சற்று மேற்பட்ட விட்டம் போதும். 100 அலைவுகளுக்கு 1.1 மீற்றர் வேண்டும். 50 அலைவுகளுக்கு 2.2 மீற்றர்; அது குழாயன்று, வாசற்கதவு! மூலைச் சுவரைப் பயன்படுத்தும் வழியோ எங்கள் நாற்சார் வீடுகளின் திறந்த திண்ணைக்குப் பொருந்தாது.

என் வீட்டில் நான் கண்ட வழி எளியது. தந்தையார் வாங்கிய வால்வு றேடியோ ஒன்று, 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது சாக்கிற் சுற்றிப் பரணில் விட்டுச் செல்லப்பட்டுத் தப்பிப் பிழைத்தது. பழைய வால்வு றேடியோவின் இறுதிக் கட்டம் பெரும்பாலும் நான்கு உவாற்றளவு தரும் ஒற்றை வால்வே. கிராமபோனை இணைப்பதற்கென அதன் முதுகில் துளைகளும் இருந்தன. ஆகவே புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. ஊர்த் தச்சர் ஒட்டுப்பலகையில் நடுச்சுரங்களுக்கான குழாயைச் செய்து தந்தார். தாழ்ந்த சுரங்களைப் பழைய பன்னிரண்டு அங்குலக் காகிதக் கூம்பொன்று பார்த்துக்கொள்கின்றது. ஒலிபெருக்கியின் ஓம் அளவும் நிலைமாற்றியின் ஓம் அளவும் பொருந்தவேண்டும் என்பதொன்றே இதிற் கவனிக்க வேண்டிய நுட்பம்.

இதிற் கேட்டது என்ன? 1933ஆம் ஆண்டு பிறந்து 1975ஆம் ஆண்டு மறைந்த எங்கள் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் ஒலிப்பதிவுகள் சில இன்றும் உள்ளன. திருவிழாவில் மரத்திற் கட்டிய குழாயில் தவிலைக் கேட்போர்க்கு வலந்தலையின் வெடிப்பு மட்டுமே எட்டும். அந்தச் சிறு குழாய்கள் சில நூறு அலைவுகளுக்குக் கீழே எதையும் வெளியிடுவதில்லை. தொப்பியின் நாதம் அங்கேயே தங்கிவிடும். வீட்டுக் குழாயில் இரண்டும் சேர்ந்து வந்தன. விரல் தோலைத் தொட்ட கணமும், அதன்பின் நாதம் அடங்கும் நேரமும் வேறுவேறாகக் கேட்டன. தவிலின் அடியொன்று சராசரி ஒலியிலும் பன்மடங்கு வலுவுடையது. வலுவைச் சேமித்து வைத்திருக்கும் குழாய் அதற்குத் திணறுவதில்லை.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு; அது கருவிக்கு வெளியே இருப்பது. டைனமோக் காலத்து இரவுகளில் மின்விசிறி இல்லை, நீரிறைக்கும் மோட்டர் இல்லை, வீதியில் வாகனமும் அரிது. அந்த அமைதியிலேதான் சிறு ஓசையும் பெரிதாயிற்று. அந்த அமைதியை எங்களுக்குத் தந்தது போர் என்பதால் அதற்காக நான் ஏங்கமாட்டேன். ஆயினும் இன்று கலியாண மண்டபங்களில் ஆயிரக்கணக்கான உவாற்றுகளின் முன்னே மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயைக் காணும்போது, எதனை மிகுதியாகப் பெற்றுவிட்டோம் என்று எண்ணத் தோன்றுகின்றது. இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்று, சில விலக்குகளோடு, நமது உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2007ஆம் ஆண்டில். பகற்பொழுதைப் பற்றிய தீர்ப்பு நம் கையில் இருக்கின்றது. 85 தெசிபெலுக்கு மேற்பட்ட ஓசையை நாள்தோறும் நெடுநேரம் கேட்ட செவி மீண்டும் கூர்மை பெறுவதில்லை. எங்கள் வகுப்புகளிலே பின்வரிசைப் பிள்ளை “என்ன சேர்?” என்று இருமுறை கேட்கும்போது எனக்கு ஐயம் எழுகின்றது.

வால்வுகள் இன்றும் உருசியாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் செய்யப்படுகின்றன. என் றேடியோவைத் திருத்தித் தந்தவர் எழுபது வயதைக் கடந்தவர். அவரிடம் எங்கள் உயர்தர மாணவர் இருவர் சனிக்கிழமைகளில் சென்று தொழில் பழகுகின்றனர். ஆளியை நிறுத்தி நெடுநேரம் சென்ற பின்னரும் கொள்ளளவிகளில் 300 வோல்ற்றுத் தங்கியிருக்கக்கூடும் என்பதால், முதல் மாதம் முழுவதும் அவர் அவர்களுக்குக் கற்பித்தது ஒன்றே: பின்மூடியைத் திறந்தபின் ஒரு கை வேலையில், மற்றக் கை காற்சட்டைப் பையில்.