பிரிவிலும் இணக்கம்
(சங்கத்தின் பொன்விழாக் குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் மணவிலக்கைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். ஐம்பது ஆண்டுகளாக நம் வீட்டு நிக்காஹ்களில் கூடிநின்று துஆ செய்தவர்கள் நாம். அவற்றில் சில முறியும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதையும் பேசத்தான் வேண்டும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சண்டை முற்றினால் இரு வீட்டாரும் கூடுவார்கள். பெரியத்தாவும் மாமாவும் பேசுவார்கள். பிள்ளை யாரிடம், மாதம் எத்தனை வெள்ளி, நகை யாருக்கு என்று முடிவாகும். ஸலவாத் சொல்லிக் கலைவார்கள். சில மாதம் பணம் வரும், பிறகு நின்றுவிடும். அப்போது அந்தப் பெண் நீதிமன்றம் போனால் காட்டுவதற்கு அவள் கையில் ஓர் ஆவணமும் இருக்காது. இன்னொரு பக்கம், வழக்கு என்று இறங்கிவிட்டால் கீழ்நீதிமன்றம், உயர்நீதிமன்றம், மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். கடையும் சேமிப்பும் கரையும். பிள்ளைகள் இரு வீட்டுக்கும் நடுவே தவிப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி நம் ஷரீஅத் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் மஜ்லிஸ் சுல்ஹு. சிலாங்கூரில் இது 2002-இல் தொடங்கியது. கூட்டரசுப் பிரதேசத்துக்கு 2004-இல் தனி விதிகள் வந்தன. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர் கோலாலம்பூர் நீதிமன்றத்திலும், கிள்ளானில் இருப்பவர் சிலாங்கூர் நீதிமன்றத்திலும் இதைப் பெறலாம்.

நடைமுறை எளியது. மனு பதிவானதும் சுல்ஹு அதிகாரி இருவரையும் ஒரு மேசைக்கு அழைக்கிறார். அங்கே வக்கீல்கள் வாதாடுவதில்லை. கணவனும் மனைவியும் தாமே பேச வேண்டும். அதிகாரி தீர்ப்புச் சொல்வதில்லை, பேச்சை ஒழுங்குபடுத்துகிறார். அங்கே பேசியதைப் பின்னர் வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. அதனால் மனம்விட்டுப் பேசலாம். உடன்பாடு ஏற்பட்டால் அதை எழுதிக் கையெழுத்திட்டு நீதிபதியிடம் வைக்கிறார்கள். அவர் ஏற்றதும் அது நீதிமன்ற ஆணை. உடன்பாடு வராவிட்டால் வழக்கு நீதிபதி முன் விசாரணைக்குப் போகும். யாருடைய உரிமையும் பறிபோவதில்லை.

அங்கே எதைப் பேசலாம்? இத்தா காலச் செலவு, முத்ஆ, பிள்ளைகளின் பராமரிப்பும் செலவும், இல்லறக் காலத்தில் சேர்த்த சொத்து. ஓர் உதாரணம் பாருங்கள். மஸ்ஜித் இந்தியாவில் கடை, கிள்ளானில் வீடு, இரண்டும் கணவர் பெயரில். மனைவி சம்பளத்துக்குப் போனதில்லை. அவளுக்கு எதுவும் இல்லை என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம் 1984, பிரிவு 58, வீட்டையும் குடும்பத்தையும் கவனித்ததையும் பங்களிப்பாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. சிலாங்கூரின் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு நியாயமாக இருக்கும்.

அப்படியானால் பெரியவர்களுக்கு வேலை இல்லையா? உண்டு. அந்-நிஸா அத்தியாயத்தின் 35-ஆம் வசனம் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்தச் சொல்கிறது. அதை ஒட்டியே 1984 சட்டத்தின் 48-ஆம் பிரிவு ஹக்கம் முறையை வைத்திருக்கிறது. பிரிவு 47-இன் கீழ் அமையும் சமரசக் குழுவிலும் நெருங்கிய உறவினருக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் உட்காரும் பெரியவர் தம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் வக்கீலாகிவிடக் கூடாது. சுல்ஹு நாளிலோ அவர் செய்ய வேண்டிய உதவி வேறு: இருவரையும் குறித்த நேரத்தில் கொண்டுபோய் விடுவது, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, வெளியே பொறுமையாகக் காத்திருப்பது.

மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, போனிலோ வாட்ஸ்அப்பிலோ தலாக் சொல்லிவிட்டுப் பிறகு வந்து பேசலாம் என்று எண்ணாதீர்கள். நீதிமன்ற அனுமதியின்றித் தலாக் சொல்வது 1984 சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி குற்றம். ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சிலாங்கூரிலும் இது குற்றமே.

இரண்டாவது, அடி உதை நடக்கும் வீட்டில் சமரசம் முதல் படியாகாது. 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் உண்டு. முதலில் போலீஸ் புகார், பாதுகாப்பு ஆணை. பிறகுதான் மற்றது. "பொறுத்துப் போ" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது சுல்ஹு ஆகாது.

மூன்றாவது, ஊரிலிருந்து மணமுடித்து வந்த நம் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு மலாய் தெரியாது, விசா கணவரின் கையில், உறவினர் எல்லாம் கடலுக்கு அப்பால். எதிரே இருப்பவர் கோபப்படாமல் பேசினாலும் அவர்கள் பயத்தில் தலையாட்டிவிடுவார்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசின் சட்ட உதவித் துறை ஷரீஅத் வழக்குகளிலும் உதவுகிறது. மன்றத்துக்குப் போகுமுன் அங்கே ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் பேசி முடித்தவர்களும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவை நீதிமன்றத்தில் பதிவு செய்து ஆணையாக்குங்கள். பிறகு பணம் நின்றால், ஷரீஅத் நீதித்துறையின் குடும்ப ஆதரவுப் பிரிவு வசூலிக்க உதவும். ஆணை இருந்தால்தான் அவர்கள் கதவைத் தட்ட முடியும்.

கணவன் மனைவி என்ற உறவு முடியலாம். அத்தா, அம்மா என்ற உறவு முடிவதில்லை. நாளை மகளின் நிக்காஹ் மஜ்லிஸில் அந்த இருவரும் ஒரே மண்டபத்தில் நிற்க வேண்டும். அன்று முகம் கொடுத்துப் பேசும்படி இன்று பிரியட்டும். அதற்குத் துணை நிற்பது அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கத்தின் வேலைகளில் ஒன்றாகட்டும்.

வஸ்ஸலாம்.