வெந்த கல்லில் கடலின் தடம்

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு நாம் மலையிறங்கிப் போகையில், சிம்பாங் பூலாய்ப் பக்கம் வெள்ளை வெளேரென்று குன்றுகள் தெரியும். அவை கடலடியில் படிந்த சுண்ணாம்பு. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் கேமரன் மலைக்கு அடித்தளமான கருங்கல் உருகிய குழம்பாக எழுந்தபோது, அந்தச் சுண்ணாம்பு வெந்து பல இடங்களில் பளிங்காயிற்று. சிப்பியும் பவளமும் உருத்தெரியாமல் போயின.

பின் அந்தக் கடலை எப்படி அறிவது? அணுக்களின் எடையைக் கொண்டுதான். கரி அணுக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்று சற்றே கனமானது. பிராணவாயுவில் ஆயிரத்துக்கு இரண்டு. ஐசோடோப்பு என்பது இதுதான். யுரேனியம்போல் சிதையாத, நிலையான வகை. ஒரு சிட்டிகைக் கல்தூளில் அமிலம் விட்டு, பொங்கும் வாயுவைக் கருவியில் செலுத்தி விகிதம் பார்க்கிறார்கள்.

பிராணவாயுவின் விகிதத்தால் பழங்கடலின் வெப்பத்தை அளக்கலாம் என்று 1947-இல் ஹரால்டு யூரி சொன்னார். வெந்த கல்லில் அது பலிக்காது. குழம்பிலிருந்து கசிந்த சுடுநீர் பளிங்கில் புகுந்திருக்கும். தண்ணீரின் எடையில் பெரும்பகுதி பிராணவாயுதானே! கல்லில் உள்ளதை அது மாற்றிவிடும். ஆனால் அந்த நீரில் கரி சொற்பம், கல்லில் ஏராளம். அதனால் கரியின் விகிதம் லேசில் அசைவதில்லை. கடலைப் பற்றிக் கரியைத்தான் கேட்க வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அம்பாசமுத்திரம் தெரிந்த ஊர். அங்குள்ள பளிங்கில் பென்சில் கரியும் கலந்திருக்கிறது. கல்லின் கரிக்கும் பென்சில் கரிக்கும் உள்ள விகித வேறுபாடு, சூடு ஏற ஏறக் குறையும். அதைக்கொண்டு கல் எவ்வளவு சூட்டில் வெந்தது என்றே கணக்கிட்டிருக்கிறார்கள்.

சிம்பாங் பூலாய்க் குன்றுகள் கல்லுடைப்பில் கரைந்து வருகின்றன. லாரியில் ஏறிய கல்லிலும் கரி மாறாது. ஆனால் அது எந்த அடுக்கில், கருங்கல்லிலிருந்து எத்தனை அடி தள்ளி இருந்தது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.