கடையின் கணக்கும் கணனியின் தட்டும்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமோ சமயமோ பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயமோ உள்ளங்கை அளவான ஒரு யந்திரம். வன்தட்டு என்பது அதன் பெயர். ஹாட் டிஸ்க் என்றால் யாவருக்கும் விளங்கும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நம்மவர் நடத்தும் புகைப்பட நிலையம், தட்டச்சுக் கடை, கொழுந்து சேகரிப்போரின் கணக்கறை ஆகியவற்றில் இன்று மூன்று நான்கு கணனிகள் இருக்கின்றன. அவற்றின் கோப்புகளையெல்லாம் ஓரிடத்தில் வைத்து வழங்கும் கணனியைச் சேர்வர் என்கிறோம். அதற்கு எந்த வன்தட்டை வாங்குவது? எத்தனை டெராபைட், என்ன விலை என்று இரண்டு கேள்விகளையே வியாபாரிகள் கேட்கின்றனர். மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. அதுவே முதலிற் கேட்கத்தக்கது. இத்தட்டு இறந்துபோனால் நம்மிடம் எஞ்சுவது யாது?

பத்திரத்தின் அருமையை மலையகத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின்படி, இந்நாட்டில் இடையறாது வசித்தோம் என்பதை நம் முன்னோர் நிரூபிக்க வேண்டியிருந்தது. போதிய அத்தாட்சி இன்றி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோர் பலர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல் அன்றோ! இன்று அப்பத்திரங்களின் பிரதிகள் தட்டச்சுக் கடையின் கணனியிலும், நம் வீட்டுக் கலியாணப் படங்கள் புகைப்பட நிலையத்தின் கணனியிலும் கிடக்கின்றன. ஆகவே ஒரு கடையின் தட்டு பழுதானால் நட்டம் கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு யந்திரத்தில் 50 பெருந்தட்டுகள் இருந்தன. அவை கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துகள் மாத்திரமே. இன்று கைக்குள் அடங்கும் தட்டு அதைப்போலப் பல இலட்சம் மடங்கு கொள்ளும். சுழலும் தட்டின்மேல், மெல்லிய காற்றுப் படுக்கையில் மிதந்தவாறு, அதன் தலை எழுதுகிறது; வாசிக்கிறது. காற்று மெலிந்த மலையுச்சியில் இது இயங்குமா என ஐயுறுவோர் உண்டு. சாதாரண வன்தட்டுகள் பெரும்பாலும் சுமார் 3,000 மீற்றர் உயரம்வரை இயங்க அமைக்கப்பட்டவை. நுவரெலியாவின் உயரமோ ஏறத்தாழ 1,868 மீற்றர். ஆகையால் உயரம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறு. ஆயிரக்கணக்கான வன்தட்டுகளை இயக்கும் பக்பிளேஸ் நிறுவனம் 2023இல் கண்ட பழுது, ஆண்டுக்கு நூற்றுக்கு 1.4 வீதம். இது சிறு தொகையே. ஆயினும் அந்த ஒன்று நம் கடையின் ஒரே தட்டாயின், நமக்கு அது நூற்றுக்கு நூறு! கூகிள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்விலோ, பழுதான தட்டுகளுட் பாதிக்கு மேற்பட்டவை முக்கிய எச்சரிக்கைக் குறிகள் எவற்றையும் காட்டவில்லை. முன்னறிவித்தல் இன்றியே அவை மாண்டன.

இனித் தெரிவுக்கு வருவோம். சேர்வருக்கென, இடைவிடா ஓட்டத்துக்கென அமைந்த தட்டையே வாங்குதல் நன்று. அதிலும் எழுதும் முறை இரண்டு. சீ.எம்.ஆர். முறையில் எழுத்துத் தடங்கள் தனித்தனியே கிடக்கும். எஸ்.எம்.ஆர். முறையிலோ லயத்துக் கூரைத் தகரங்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிந்திருக்கும். ஒரு தகரத்தை மாற்ற அடுத்ததையும் கிளப்ப வேண்டும். ஆகவே தொடர்ந்து எழுதும்போது வேகம் குன்றும். இம்முறையிலான சில தட்டுகள் தெளிவான அறிவிப்பின்றி விற்பனையானமை 2020இல் வெளிவந்தது. அதன் பின்னரே வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், டொஷிபா ஆகியோர் விபரம் வெளியிட்டனர். சேர்வருக்குச் சீ.எம்.ஆர். தானா என்று கேட்டு வாங்குக. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. தட்டு வேகமானது, ஆனால் பெருங்கொள்ளளவுக்கு விலை அதிகம். அன்றாடக் கணக்குக்கு அது உகந்தது. படங்களுக்கும் பழைய கோப்புகளுக்கும் வன்தட்டே போதும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே பதியுமாறு இரு தட்டுகளை இணைப்பது சிறு கடைக்கு எளிய வழி. இதனை ரெய்ட் 1 என்பர். மூன்று நான்கு தட்டுகளைச் சேர்க்கும் ரெய்ட் 5 முறையில் இடம் மிச்சமாகும். ஆனால் ஒன்று பழுதானால், மற்றவை அனைத்தையும் முழுவதும் வாசித்தே அதனை மீட்க வேண்டும். பெரிய தட்டுகளில் இதற்குப் பல மணி நேரம் செல்லும். அதற்குள் இன்னொன்றும் விழுந்தால் யாவும் போயின.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்டோம். எழுதும் வேளையில் மின் நின்றால் கோப்புச் சிதையக்கூடும். சேர்வரை ஒழுங்காக நிறுத்துமட்டும் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்று அவசியம்.

எனினும் இரட்டைத் தட்டு முழுக் காவலாகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும்; திருடன் கொண்டுபோனால் இரண்டும் போகும். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது! சரியும் மண் சேர்வருக்கும் அலமாரிக்கும் வேற்றுமை பாராட்டுமா? ஆகவே அறிந்தோர் கூறும் விதி இது: பிரதி மூன்று, வைக்கும் சாதனம் இருவகை, அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில்.

கையிருப்புக் குறைவானால் என் செய்வது? பன்னிரண்டு டெராபைட் தட்டு ஒன்றை வாங்குவதிலும், நான்கு டெராபைட் தட்டுகள் மூன்றை வாங்குவதே மேல். இரண்டு சேர்வரில் இருக்கட்டும். மூன்றாவது வாரந்தோறும் பிரதி எடுக்கப்பட்டு, வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பாராத பிரதி, எண்ணிப் பாராத பணம் போன்றது.

இளைஞர்களே! கணனி கற்றோர் நம்மிடையே பலர் உளர். அவரவர் ஊர்க் கடையொன்றுக்குச் சென்று இவ்வொழுங்கை அமைத்துக் கொடுத்தால் அது நல்ல தொண்டாகும். பெரியோர்களே! உங்கள் பத்திரத்தைப் பிரதி செய்யக் கொடுக்கும்போது, "தம்பி, இதன் இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய கடையே நம்பத்தக்க கடை.