கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினால்

(நமது கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு, மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன மதிப்பு என்று பார்ப்பது மட்டும் இன்னும் விடாத பழக்கம். இன்று பேசப்போவதும் ஒரு காகிதத்தைப் பற்றித்தான்.

டாக்டர் "இன்னும் இரண்டு நாள் இருங்கள்" என்கிறார். நோயாளி "இல்லை, நான் போகிறேன்" என்கிறார். உடனே ஒரு படிவம் வரும். மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் செல்கிறேன், என்ன நடந்தாலும் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று அச்சடித்திருக்கும். ஆஸ்பத்திரி பாஷையில் இதற்கு 'லாமா' என்று பெயர். ஏழாம் நம்பர் லாமா என்று நர்ஸ் சொன்னால், திபெத்திலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

சென்ற வருஷம் எங்கள் அத்திம்பேர் இப்படித்தான் லாமா ஆனார். அவருக்கு 79 வயது. வேறு ஊரில் இருக்கிறார். சாயங்காலம் மார்பில் அழுத்தம் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். இ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையும் சரி. இரவு தங்கச் சொன்னார்கள். மறுநாள் அவருடைய தகப்பனார் சிராத்தம். "எனக்கு ஒண்ணுமில்லே, வாயுதான். சாஸ்திரிகளுக்குச் சொல்லியாச்சு, ஆத்துக்குப் போகணும்" என்று பிடிவாதம். படிவம் வந்தது, கையெழுத்துப் போட்டார், கிளம்பிவிட்டார். சிராத்தம் முடிந்த அன்று மாலையே வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மாரடைப்பு. பிழைத்தார், ஆனால் இருதயத்தின் பலம் குறைந்துவிட்டது. மாடிப்படி இனிக் கிடையாது.

இங்கே கொஞ்சம் ரசாயனம். இருதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அதனால் முதல் பரிசோதனை சரியாக இருந்தாலும், இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பார்கள். அத்திம்பேரைத் தங்கச் சொன்னது அதற்காகத்தான். ஆனால் இதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. "சார், கையெழுத்து" என்பதோடு சரி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சித்த சுவாதீனமுள்ள வயதுவந்த நோயாளி சிகிச்சையை மறுக்கலாம், வெளியே போகலாம். அவரைக் கட்டிவைக்க முடியாது. மனநோய்க்கும் தொற்றுநோய்க்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அதை விட்டுவிடுவோம். பில் பாக்கிக்காகக்கூட நோயாளியை நிறுத்திவைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் சொல்கிறது. பாக்கி என்பது கடன். அதை வசூலிக்க வேறு வழி இருக்கிறது.

எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் ஒருவர் போனால், போனதால் வந்த கெடுதிக்கு ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல முடியாது. அது நியாயமும்கூட. ஆனால் விளக்கிச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நோயாளியின் சம்மதம் பற்றி ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. சிகிச்சை என்ன, மாற்று வழி என்ன, அபாயம் என்ன என்பதோடு, சிகிச்சையை மறுத்தால் என்ன தீங்கு வரும் என்பதையும் டாக்டர் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. தாயார் போட்ட கையெழுத்தை வைத்து, மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்குக் கூடுதல் அறுவை சிகிச்சை செய்த வழக்கு அது. அவசரம் இல்லாத நிலையில் தாயாரின் சம்மதம் செல்லாது என்று கோர்ட் சொன்னது. அமெரிக்காவிலிருந்து போனில் முடிவு சொல்லும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் முடிவு அப்பாவுடையது.

நம்மவர்களுக்கு இன்னொரு சங்கடம் பாஷை. புணேயிலோ கொல்கத்தாவிலோ எண்பது வயது மாமிக்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் நீட்டினால் என்ன புரியும்? தெரிந்த பாஷையில் யாராவது விளக்க வேண்டும் என்று கேளுங்கள். "நான் போனால் அதிகபட்சம் என்ன ஆகும்?" என்று கேட்டு, டாக்டர் சொல்லும் பதிலை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்டதுமே திரும்பிப் படுக்கையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன் நடந்த கவனக்குறைவுக்கு அந்தக் கையெழுத்து கவசம் ஆகாது. தவறான ஊசி போட்டுவிட்டு, லாமா படிவத்தைக் காட்டித் தப்ப முடியாது. அன்றிரவே வலி அதிகமாகித் திரும்பி வந்தால், "நீங்கள்தான் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்று வாசலில் நிறுத்தவும் கூடாது. ஆபத்தில் வருபவருக்கு முதலில் சிகிச்சை தர வேண்டும் என்பது, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், 1989-லேயே உச்ச நீதிமன்றம் விதித்த கடமை.

அத்திம்பேர் விஷயத்தில் 'லாமாவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி கிடையாது' என்றுவிட்டார்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து விதிகளில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு நான் ஒரு கடிதம் தயாரித்தேன். அத்திம்பேர் கையெழுத்திட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். மூன்றாம் நாள் ஆவணங்கள் வந்தன. நோயாளி தங்க விருப்பமில்லை என்ற ஒரே வரி. என்ன விளக்கினார்கள் என்பதற்கு ஒரு எழுத்துக்கூட இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். போயிருந்தால் ஜெயித்திருப்போமா என்று நான் சொல்லமாட்டேன். சொல்லியிருந்தாலும் அத்திம்பேர் சிராத்தத்துக்குக் கிளம்பியிருப்பார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடியிருப்பார். அவரை அறிந்தவர்களால் அதை மறுப்பதும் கஷ்டம்.

கடைசியாக, வென்டிலேட்டரில் நினைவில்லாமல் இருப்பவரை 'உயிர் ஆத்தில் போகட்டும்' என்று லாமா எழுதிக்கொடுத்து அழைத்துவரும் வழக்கம். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது அதற்கு முறையான வழி இருக்கிறது. எனக்கு இந்த நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முன்பு மாஜிஸ்டிரேட்டிடம் போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதைச் சுலபமாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். பதவியில் இருக்கும் கெஜட்டட் அதிகாரி. நான் ரிட்டயராகிப் பதினைந்து வருஷமாகிறது. தயவுசெய்து படிவத்தோடு என்னிடம் வரவேண்டாம், நோட்டரியிடம் போங்கள்.