அடுத்தவர் வங்கிப் புத்தகம்

இளமைப் பருவத்துக்கெனச் சில கவலைகள் உண்டு. பரீட்சை, உத்தியோகம், விவாகம் என்பன பற்றிய கவலைகள் பழையவை. அவற்றைக் குறித்துப் பெற்றோரும் ஆசிரியரும் போதிய அளவு பேசியிருக்கின்றனர். அதிகம் பேசப்படாத கவலை இன்னொன்று உண்டு. இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர் பலர், மாத முடிவில் தம் வங்கிக் கணக்கைப் பார்த்து, இந்த வயதில் மற்றவர்கள் எவ்வளவோ சேர்த்துவிட்டார்களே என்று மனம் குமைகின்றனர். வறுமையினால் வரும் துன்பம் வேறு, இது வேறு. உண்ணவும் உடுக்கவும் குறைவில்லாதவரையும் இக்கவலை விட்டுவைப்பதில்லை. கூடப் படித்தவன் வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடு வாங்கினான் என்ற செய்தி காதில் விழுந்த இரவில், அதுவரை திருப்தியோடு உறங்கிய வாலிபனுக்கு உறக்கம் வருவதில்லை.

இவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது மனிதருக்கு இயல்பே. துணியை அளக்க முழக்கோல் உண்டு. அரிசியை அளக்கக் கொத்து உண்டு. ஆனால், ஒருவனுடைய வாழ்க்கை சரியான வழியிற் செல்கின்றதா என்பதை அளக்க அத்தகைய கருவி எதுவும் இல்லை. கருவி இல்லாத இடத்தில் மனிதன் பக்கத்திலிருப்பவனையே அளவுகோலாகக் கொள்கிறான் என்னும் கருத்தை, லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் 1954ஆம் ஆண்டில் ஒரு கொள்கையாக வகுத்துரைத்தார். தம்மோடு ஒத்தவர் எனக் கருதுபவரோடுதான் மனிதர் பெரும்பாலும் தம்மை ஒப்பிடுகின்றனர் என்பதும் அவர் கண்ட உண்மை. ஆகையினால்தான் பெருஞ் செல்வரின் மாளிகையைக் கண்டு கலங்காத வாலிபன், ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பனின் மோட்டார் வண்டியைக் கண்டு கலங்குகிறான்.

முன்னாளில் இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. இந்நாட்டில் 1832இல் இலங்கைச் சேமிப்பு வங்கியும், 1885இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தோன்றின. இவ்விரண்டையும் உள்ளடக்கி, 1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சேமிப்பு வங்கி அமைந்தது. அக்காலத்துச் சேமிப்புப் புத்தகம் வீட்டு றங்குப் பெட்டியின் அடியிலே, காணி உறுதிகளோடு பத்திரமாகக் கிடந்தது. அதிலே எழுதப்பட்ட தொகையை வீட்டுக்காரரும் தபாலதிபருமே அறிவர். இன்றோ கையிலுள்ள தொலைபேசி, உலகின் எந்த மூலையிலும் உள்ள சமவயதினரின் புதுமனை புகுவிழாவையும் வெளிநாட்டு உல்லாசப் பயணத்தையும் இரவு பகலாகக் கண்முன் நிறுத்துகின்றது. அடுத்தவர் வங்கிப் புத்தகத்தைத் திறந்து படித்துவிட்டது போன்ற மயக்கம் இதனால் உண்டாகின்றது. உண்மையில் அங்கே தெரிவது அப்புத்தகத்தின் மேலட்டை மாத்திரமே.

கண்ணுக்குத் தெரிவது செலவு, தெரியாதது சேமிப்பு. வாசலில் நிற்கும் வாகனம் லீசிங் கடனில் வாங்கப்பட்டதா, கைப்பணத்தில் வாங்கப்பட்டதா என்பதை வீதியாற் செல்பவர் அறியார். கல்யாண வீட்டில் மின்னும் நகை, மறுவாரம் ஈட்டுக்குப் போகுமா என்பதையும் அறியார்.

பிறருடைய கடன் கண்ணுக்குத் தெரியாதது போலவே, தமக்கே சொந்தமான சேமிப்பும் பலருக்குத் தெரிவதில்லை. தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் இளம்பெண் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என வைத்துக்கொண்டால், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி அவரது சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமாகிய 4,800 ரூபா பிடிக்கப்படுகிறது. முதலாளி நூற்றுக்கு 12 வீதமாகிய 7,200 ரூபாவைத் தம் பங்காகச் செலுத்த வேண்டும். மாதம் 12,000 ரூபா. ஆண்டுக்கு 1,44,000 ரூபா. ஐந்து ஆண்டுகளில், வட்டியைச் சேர்க்காமலே, 7,20,000 ரூபா. இதற்கும் மேலாக 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி நூற்றுக்கு 3 வீதம் செலுத்த வேண்டும். கையிலே காசில்லை என்று கவலைப்படும் அப்பெண்ணுக்கு, அவர் எண்ணிப் பாராத இடத்திலே ஏழு இலட்சத்துக்கு மேல் இருக்கின்றது. நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பணமன்று, முதுமைக்கான பணம். ஆயினும் அது அவருடையதே. முதலாளி ஒழுங்காகக் கட்டுகின்றாரா என்பதை அவர் காலத்துக்குக் காலம் விசாரித்தறிவது, நண்பியின் சேமிப்பைக் குறித்துப் பெருமூச்சு விடுவதிலும் பயனுள்ள வேலையாகும்.

அடுத்ததாக, சராசரி என்னும் சொல் செய்யும் மயக்கத்தையும் கவனிக்க வேண்டும். முப்பது வயதினரின் சராசரிச் சேமிப்பு இவ்வளவு என்று எங்கேனும் கேள்விப்பட்டவுடன், அதற்குக் குறைந்தவர் தாம் பின்தங்கியவர் என எண்ணிக்கொள்கின்றனர். பத்துப் பேர் கொண்ட ஒரு கூட்டத்தில் ஒன்பது பேரிடம் தலைக்கு ஓர் இலட்சமும், பத்தாமவரிடம் 91 இலட்சமும் உண்டெனக் கொள்வோமாயின், மொத்தம் நூறு இலட்சம். சராசரி பத்து இலட்சம். அக்கூட்டத்தில் பத்து இலட்சம் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. ஒன்பது பேர் தம்மைத் தோற்றவராகக் கருதுகின்றனர். அவர்கள் யாவரும் ஒரே நிலையில் இருப்பவர்களே. சொத்து எங்கும் சமமாகப் பரந்திருப்பதில்லையாதலால், சராசரி பெரும்பாலும் நடுவிலுள்ளவனின் நிலையைக் காட்டாது.

எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கினாரில்லை என்பது இவையெல்லாவற்றிலும் முக்கியமானது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு எழுந்து இடம்பெயர்ந்தனர். அன்று தாயின் இடுப்பிலே கைக்குழந்தையாய்ச் சென்றவர் இன்று முப்பது வயதளவில் இருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கியபோது கீழைக்கரையில் வீட்டோடு வள்ளத்தையும் வலையையும் இழந்தவர் பலர். 2009இல் வன்னியில் உடுத்த உடுப்போடு வெளியேறியவர் பல்லாயிரவர். அத்தகைய குடும்பத்துப் பிள்ளை முதற் சம்பளத்தைக் கையில் வாங்கும்போது, கூரையைத் திருத்துவதும் ஈட்டிலுள்ள நகையை மீட்பதும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. மலையகத் தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதலாக உத்தியோகத்துக்குச் செல்லும் பெண்பிள்ளை, தம்பி தங்கையரின் படிப்புச் செலவைத் தன் தோளில் ஏற்கிறாள். சகோதரியின் குமர்க் காரியத்தை முடித்த பின்பே தன் விவாகத்தைப் பற்றி நினைக்கும் தமையன்மார் இன்றும் உண்டு.

இவர்களுடைய சேமிப்புப் புத்தகம் மெலிந்திருக்கலாம். அந்தப் பணம் தங்கையின் கல்வியாகவும், தாயின் கண் சத்திரசிகிச்சையாகவும், மழை ஒழுகாத கூரையாகவும் மாறியிருக்கின்றது. கொழும்பிலே தந்தையின் வீட்டில் வாடகையின்றி இருந்து, தாய் கட்டிக்கொடுக்கும் சோற்றுப் பொட்டலத்துடன் கந்தோருக்குச் செல்லும் இளைஞன் பன்னிரண்டு இலட்சம் சேர்த்திருக்கலாம். அதே சம்பளத்தில் அறை வாடகை கொடுத்து, ஊருக்கும் அனுப்பிவிட்டு மூன்று இலட்சம் சேர்த்தவன் அவனிலும் கெட்டிக்காரனாக இருத்தல் கூடும்.

ஒருவர் உழைக்கத் தொடங்கிய காலமும் அவருடைய நிலையைத் தீர்மானிக்கின்றது. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை யாவரும் அறிவர். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆந் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, பணவீக்கம் முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட நூற்றுக்கு 69.8 வீதமாயிற்று. ஓராண்டுக்கு முன் ஓர் இலட்சம் ரூபா வைத்திருந்தவரின் பணம், பழைய விலையிற் சொல்வதாயின் ஏறத்தாழ 59,000 ரூபாவின் பொருளையே வாங்கியது. அவர் ஊதாரியும் அல்லர், சோம்பேறியும் அல்லர். அதே ஆண்டின் பிற்பகுதியில் நிலையான வைப்பில் நூற்றுக்கு 20க்கு மேற்பட்ட வட்டிக்குப் பணம் இட்டவரும் உண்டு. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதால், வெளிநாட்டில் உழைத்தவரின் பணம் ஊரிலே திடீரெனப் பெருத்தது. இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பிற் படித்தவராயிருக்கலாம். காலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தம் திறமை என்றோ தம் குற்றம் என்றோ கருதுதல் பொருந்தாது.

இக்கவலை மனத்தளவில் நின்றுவிடுமாயின் இத்துணை பேச வேண்டியதில்லை. பின்தங்கிவிட்டோம் என்னும் எண்ணம் குறுக்குவழியைத் தேடச் செய்வதே அபாயமானது. இழந்த ஆண்டுகளை ஒரே ஆண்டில் மீட்டுவிடலாம் என்று ஆசை காட்டுபவரின் சொல், அமைதியான மனத்தில் ஏறாது. அவசரப்பட்ட மனத்தில் எளிதில் ஏறும். ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தாற் பணம் பெருகும் என்னும் பிரமிட் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். முதலில் ஆறு, பின் முப்பத்தாறு எனப் பெருகி, பத்தாம் படியில் ஆறு கோடிக்கு மேற்பட்டோர் தேவைப்படுவர். இந்நாட்டின் சனத்தொகையோ இரண்டு கோடிக்குச் சற்றே மேற்பட்டது. கடைசியிற் சேர்ந்தவர் பணத்தை இழப்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இத்தகைய திட்டங்கள் இலங்கைச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை. 2008ஆம் ஆண்டின் இறுதியில், கூடிய வட்டி தருவதாகக் கூறிப் பணந் திரட்டிய ஒரு கம்பெனி நிலைகுலைந்தபோது, ஆயுட்காலச் சேமிப்பை இழந்து தவித்தவர் ஆயிரக்கணக்கானோர். ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் வைப்புப் பெற மத்திய வங்கியின் அனுமதி பெற்றதா என்று முதலில் விசாரிப்பது இளைஞர் கடமையாகும்.

சீட்டுப் பிடித்தலையும் இவ்விடத்திற் குறிப்பிடலாம். இருபது பேர் மாதம் பத்தாயிரம் கட்டி, ஒவ்வொருவரும் ஒருமுறை இரண்டு இலட்சம் எடுப்பது நெடுநாள் வழக்கம். கட்டாயமாகச் சேமிக்கச் செய்வது அதன் நன்மை; எடுத்தவர் கட்டாமல் நின்றுவிட்டால் மற்றவர் பணம் போவது அதன் தீமை. தெரிந்தவர்களுள் சிறிய அளவிற் பிடிக்கும் சீட்டு உதவும். விரைவிற் பணக்காரராக வேண்டும் என்று தெரியாதவரிடம் பல சீட்டுகளை ஒருங்கே கட்டுபவர் ஆழந் தெரியாமற் காலை விடுபவரே.

அப்படியாயின் ஓர் இளைஞர் தம் நிலையை எதைக் கொண்டு அளப்பது? அதற்கு மூன்று கேள்விகள் போதும். வருமானம் இன்று நின்றுவிட்டால் எத்தனை மாதம் குடும்பம் நடக்கும் என்பது முதற் கேள்வி. ஒரு மாதத்துக்குக் கையிருப்பு உள்ளவர் அதனை மூன்று மாதமாக்க முயலலாம். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியிலும் கூடிய வட்டிக்குக் கடன் உள்ளதா என்பது இரண்டாவது; உள்ளதாயின் அதனை அடைப்பதே சிறந்த சேமிப்பு. சென்ற ஆண்டு சம்பளத்தில் எத்தனை பங்கு மிஞ்சியது, இவ்வாண்டு எத்தனை பங்கு மிஞ்சுகிறது என்பது மூன்றாவது. இம்மூன்று கேள்விகளுக்கும் அடுத்தவர் புத்தகத்தைப் பார்த்து விடை காண இயலாது.

சேமிப்பில் இளமைக்கு உள்ள பெரிய மூலதனம் காலமே. நூற்றுக்கு 8 வீதக் கூட்டு வட்டியில் இட்ட ஓர் இலட்சம், 9 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு இலட்சமாகும். 27 ஆண்டுகளில் எட்டு இலட்சமாகும். அதே காலத்தில் விலைவாசி ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், பொருள்களின் விலை ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்காகும். எனவே உண்மையான பெருக்கம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மாயவித்தை எதுவும் இதில் இல்லை. பொறுத்திருப்பவருக்குக் கிடைக்கும் நியாயமான பயன் உண்டு. இருபத்தெட்டு வயதிற் சிறிய தொகையோடு தொடங்குபவருக்கும் அந்த 27 ஆண்டுகள் முன்னே இருக்கின்றன.

பெற்றோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோயில் வீதியிலும் கல்யாணப் பந்தலிலும் பிள்ளையை நிறுத்தி வைத்து, இன்னாருடைய மகன் இவ்வளவு சேர்த்துவிட்டானாமே என்று சொல்வது அவனை ஊக்கப்படுத்தாது. தன் நிலையை மறைக்கவும், மறைப்பதற்காகக் கடன்படவுமே தூண்டும். அதனிலும், வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளோடு இருந்து பேசுவது நல்லது. குடும்பத்துக்காக மகள் செலவிட்டது எவ்வளவு என்பதைத் தாய் தந்தையர் வாய்விட்டுச் சொல்லி ஏற்றுக்கொள்வார்களாயின், அவளுடைய புத்தகத்திற் குறைந்திருப்பதாகத் தோன்றும் தொகை எங்கே சென்றது என்பது அவளுக்கும் விளங்கும். விளங்கிய பின், அடுத்த மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாவை ஒதுக்கி வைக்க அவளுக்கு மனத்தில் தெம்பு இருக்கும்.